காபெஸ் தம்பதியும் காவல்காரர் மிஃப்தாவும்

மிஃப்தா ஒருவனை அடித்ததை நான் முதன்முதலாகப் பார்த்த அன்று, அடி வாங்கியவனின் பல் ஒன்று என் சர்க்கரை டப்பாவில் வந்து விழுந்தது. எங்கள் கும்ஸ் ஊரை ஒட்டிக் கடலோரம் கிடக்கிற லெப்தா என்ற பழங்கால நகரத்து இடிபாடுகளின் வாசலில் நான் டீக்கடை போட்ட புதிது. அந்த ஆள் உள்ளே போய், பளிங்கில் செதுக்கிய பாம்புக் கூந்தல்காரியின் மூக்கை உளியால் பெயர்த்துப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். காவல்காரர் மிஃப்தா அவனை என் கடை முன்னால் மறித்துப் பையைத் திறக்கச் சொன்னார்.

"கல்லுதானே. உன் அப்பன் வீட்டுச் சொத்தா?" என்று சிரித்தான் அவன்.

ஒரே அறை. சிரித்த வாய் அப்படியே திரும்பிக்கொண்டது.

"உம்ரான், சர்க்கரையைக் கொட்டிட்டு வேற போடு," என்றார் மிஃப்தா என்னிடம், ஒன்றும் நடக்காதவர் மாதிரி. "அவன் வாய் சுத்தமில்லை."

கும்ஸ் ஊரில் அந்தக் கையைத் தெரியாதவர்கள் கிடையாது. மிஃப்தாவின் அப்பா கசாப்புக் கடைக்காரர். கடையில் கத்தி, வீட்டில் தோல்வார். பதினைந்து வயதில் மிஃப்தா அந்த வாரைப் பிடுங்கி அப்பாவுக்கே ஒன்று வைத்துவிட்டு வீட்டைவிட்டுக் கிளம்பினார். துறைமுகத்தில் படகுகளுக்கு அடியில் படுத்துக் கிடந்தவரைப் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போய், சாட் நாட்டுப் பாலைவனத்தில் சண்டைக்கு இறக்கினார்கள். எரிகிற லாரியிலிருந்து இரண்டு பேரை வெளியே இழுத்துப் போட்டிருக்கிறார். மூன்றாவது ஆளை இழுத்தபோது கை மட்டும் வந்ததாம். மக்ரோனி கொதித்துக்கொண்டிருந்த சட்டியைக் கிளறியபடி இதை என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. சட்டி முழுவதையும் நான்தான் காலி செய்தேன்.

திரும்பி வந்து மஸ்ஊதாவைக் கட்டினார். ஒரு பெண் குழந்தை பிறந்தது. இன்திசார் என்று பேர் வைத்தார்கள். ஒரு சாயங்காலம் ஏதோ கோபத்தில் மனைவியைக் கைநீட்டி அடித்துவிட்டார். அவள் அழவில்லை. மசாலா இடிக்கிற பித்தளை உலக்கையை எடுத்து அவர் மண்டையில் போட்டுவிட்டு, விழுந்து கிடந்தவரைத் தாண்டி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு அண்ணன்மார் வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் அண்ணன்மார் வந்து மூக்கை உடைத்தார்கள்.

"நியாயமாத்தான் அடிச்சாங்க," என்பார் மிஃப்தா. "மூக்கை மட்டும் இன்னும் கொஞ்சம் நேரா உடைச்சிருக்கலாம்."

அதன் பிறகு அவர் எந்தப் பெண்ணையும் தொட்டு அடித்ததில்லை. ஆண்களை அடிப்பதை நிறுத்தவில்லை. மறு கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. பெருநாளுக்குப் பெருநாள் மகளைப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

லெப்தாவில் காவல் வேலை பழைய ஆட்சியில் கிடைத்தது. சண்டை வந்து அந்த ஆட்சி விழுந்தபோது அலுவலகத்தில் இருந்தவர்கள் நாற்காலியைக்கூட விடாமல் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். சம்பளம் நின்றது. மிஃப்தா மட்டும் போகவில்லை. வீட்டிலிருந்து அரிவாள் கொண்டுவந்து தூண்களுக்கிடையே முளைத்த முள்ளை வெட்டினார். சிலை திருட வருகிறவர்களையும் அதே அரிவாளைக் காட்டித்தான் விரட்டினார்.

அந்தச் சமயம்தான் இன்திசார் ஷுக்ரியைக் கல்யாணம் செய்துகொண்டாள். அப்பாவை யாரும் கேட்கவில்லை. ஷுக்ரி கைபேசிக் கடை வைத்திருந்த பையன். சண்டையில் துப்பாக்கி எடுத்தான். சண்டை முடிந்ததும் எல்லாரும் கீழே வைத்தார்கள் என்று சொல்ல முடியாது. அவனும் வைக்கவில்லை. பின்னால் எந்திரத் துப்பாக்கி பூட்டிய வெள்ளை வண்டி ஒன்று அவனிடம் வந்தது. கூடவே ரெண்டு ஆட்களும் வந்தார்கள்.

ஒரு நாள் மாமனாரைப் பார்க்க வந்தான். பேரன் பிறந்திருக்கிறான் என்று இனிப்புப் பெட்டி கொண்டுவந்திருந்தான். டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னான்: "மாமா, உள்ள இருக்கற அந்தப் பாம்புத்தலைங்க, வெளிநாட்டுல கேக்கறாங்க. நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். ஒரு மத்தியானம் கொஞ்சம் அசந்து தூங்குங்க, போதும்."

மிஃப்தா இனிப்பை வாயில் போட்டு மென்று விழுங்கினார். பிறகு அவன் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து வண்டி வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்க் கதவில் ஒரு முட்டு முட்டவைத்துவிட்டு வந்தார். நெற்றி பிளந்து ரத்தம் கண்ணில் வழிய, "கிழவா, இந்த மண்ணுலயே உன்னைப் புதைக்கறேன்," என்று கத்திக்கொண்டு போனான் ஷுக்ரி.

அடுத்த வசந்தத்தில் காபெஸ் தம்பதி வந்தார்கள்.

துனீசிய நம்பர் பலகை போட்ட பழைய பெஜோ கார். கூரையில் மெத்தை, அடுப்பு, தண்ணீர்க் குடம் எல்லாம் கயிற்றால் கட்டியிருந்தது. முன்பக்கம் இறங்கியவர் முன்ஜி, ஐம்பதைத் தாண்டிய ஆள், காபெஸ் ஊரில் டயர்க் கடை. ஓட்டிக்கொண்டு வந்தது அவர் மனைவி ஷாத்லியா. ஆஸ்பத்திரியில் நர்ஸ். நோயாளி அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதால் நாற்பதுக்கு மேல்தான் அவளுக்குக் கல்யாணம் நடந்தது. கடலோரத்தில் இருக்கிற பழைய ஊர்களையெல்லாம் எகிப்து எல்லைவரைக்கும் காட்டுகிறேன் என்று சொன்னால்தான் கழுத்தை நீட்டுவேன் என்று சொல்லிவிட்டாளாம். அதைத்தான் முன்ஜி எல்லாரிடமும் முறையிட்டுக்கொண்டு வந்தார்.

"கேளுங்க தம்பி," என்றார் என்னிடம், டீயை வாங்கிக்கொண்டு. "சப்ராத்தாவுல ரெண்டு நாள் கல்லு பாத்தேன். இப்ப இங்க கல்லு. இனி போற இடத்துலயும் கல்லுதான். எங்க ஊர்ல கல்லே இல்லியா?"

"ஏன்யா, உன் கடையில இருக்கற டயரெல்லாம் ஒரே வட்டமாத்தான் இருக்கு. நான் ஒரு நாளாவது கேட்டிருக்கேனா?" என்றாள் ஷாத்லியா.

"டயர் ஓடும். இது ஓடுமா?"

"உன்னைவிட இது வேகமா ஓடும்."

மிஃப்தா சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. பேச்சிலேயே துனீசியாக்காரர்கள் என்று தெரிந்ததும், "நீங்க பேசறது பாட்டுப் பாடற மாதிரி இருக்கு," என்று கேலிகூடச் செய்தார். வழக்கமாக டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அரிவாளோடு போய்விடுகிறவர், அன்றைக்குத் தானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். கடலைப் பார்த்த அரங்கத்தின் படிகளில் உட்கார்ந்து அவர்கள் கொண்டுவந்த ரொட்டி, அவித்த முட்டை, மிளகாய் விழுது, மீன் எல்லாவற்றையும் மூன்று பேரும் பகிர்ந்து தின்றார்கள். ஷாத்லியா கேமராவில் கடலையும் தூணையும் புருஷனின் முட்டிவலியையும் படம் பிடித்தாள்.

மத்தியான வெயில் ஏறியபோது வெள்ளை வண்டி வாசலுக்கு வந்தது.

ஷுக்ரி என்னைப் பார்த்து, "கிழவன் எங்க?" என்றான்.

"சாப்பிட்டுட்டு எங்கயோ படுத்திருப்பார்," என்றேன்.

ஒரு ஆளைத் துப்பாக்கியோடு என் கடையில் நிறுத்திவிட்டு, இன்னொருவனோடு வண்டியை உள்ளே ஓட்டிக்கொண்டு போனான். வண்டிக்குப் பின்னால் கல் அறுக்கிற மெஷினும் ஜெனரேட்டரும் கிடந்ததைப் பார்த்தேன். நின்றவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "டீ போடு. நுரை நல்லா வரணும்," என்றான். நானும் கெட்டிலை அடுப்பில் வைத்தேன்.

உள்ளே நடந்ததை ஷாத்லியாவிடமிருந்தும் முன்ஜியிடமிருந்தும் தனித்தனியாகக் கேட்டிருக்கிறேன். மிஃப்தா அவர்களைப் பெரிய சதுக்கத்தில் விட்டுவிட்டு, முள் வெட்டிய குவியலுக்குப் பின்னால் அரிவாளை எடுக்கப் போயிருக்கிறார். ஷாத்லியா பாம்புத்தலையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது வண்டி நேராகச் சதுக்கத்தின் விளிம்பில் வந்து நின்றது. படச் சட்டத்துக்குள்ளேயே ஷுக்ரியும் மெஷினும் விழுந்துவிட்டார்கள்.

"கேமராவைக் குடு," என்றான் ஷுக்ரி.

முன்ஜி குறுக்கே வந்தார். "தம்பி, அதுல எங்க கல்யாணப் படமெல்லாம் இருக்கு. இந்த ஒண்ணை மட்டும் அழிச்சுடறோம்."

ஷுக்ரி துப்பாக்கிக் கட்டையால் முகத்தில் இடித்தான். தாடை எலும்பு உடைந்த சத்தம் காய்ந்த விறகு முறிகிற மாதிரி கேட்டதாம். முன்ஜி விழுந்ததும் கூட வந்தவன் வயிற்றில் உதைத்தான். ஷாத்லியா கேமராவை ஷுக்ரியின் காலடியில் எறிந்துவிட்டு, "எடுத்துக்கோ! எடுத்துட்டுப் போ!" என்று அலறினாள்.

"எங்க முகத்தையும் பாத்துட்டீங்களே அக்கா," என்றான் ஷுக்ரி. "அதை எப்படி எடுத்துட்டுப் போறது?"

அந்த அலறல்தான் வாசலில் எனக்குக் கேட்டது. முள்குவியலுக்குப் பின்னால் மிஃப்தாவுக்கும் கேட்டது.

அவர் கத்தாமல் வந்தார். உதைத்துக்கொண்டிருந்தவனின் முட்டியில் அரிவாளின் முதுகுப் பக்கத்தால் ஒரே போடு. கால் பின்பக்கமாக மடங்கி அவன் உட்கார்ந்துவிட்டான். ஷுக்ரி திரும்பிச் சுட்டான். குண்டு மிஃப்தாவைத் தொடவில்லை. பக்கத்துத் தூணில் பட்டுப் பளிங்குச் சில்லு தெறித்து அவருடைய இடது கண்ணில் இறங்கியது. அந்தக் கண்ணோடு, கையில் கிடைத்த கல்லை ஷுக்ரியின் நெஞ்சில் எறிந்துவிட்டு, முன்ஜியைச் சாக்கு மூட்டை மாதிரி தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். "என் பின்னால வா தங்கச்சி! தலையைத் தூக்காதே!"

ஓடிப் போய் ஒளிந்த இடம் பழைய குளியல் மண்டபம். அதன் அடியில், அந்தக் காலத்தில் தண்ணீர் காய்ச்ச நெருப்புப் போட்ட இருட்டுப் பாதை ஒன்று உண்டு. ஒரு ஆள் குனிந்து போகிற அகலம். மூலை முடுக்கெல்லாம் மிஃப்தாவுக்குத் தெரியும். ஆனால் உள்ளே போனால் மறுபக்கம் மண் மூடிக் கிடக்கும், வெளியே வர வழி கிடையாது. அதுவும் அவருக்குத் தெரியும். முன்ஜியைக் கடைசியில் கிடத்தி, ஷாத்லியாவை அவர் மேல் சாய்ந்து உட்காரச் சொல்லிவிட்டு, பாதை வளைகிற இடத்தில் சுவரோடு ஒட்டி நின்றார். ஓட்டத்தில் அரிவாள் எங்கோ விழுந்துவிட்டது. கையில் ஒன்றும் இல்லை.

வெளியிலிருந்து ஷுக்ரியின் குரல் கேட்டது. "மாமா! அந்த ரெண்டு பேரை விட்டுட்டு வெளிய வாங்க. உங்க பேரன் மேல சத்தியமா உங்களை ஒண்ணும் செய்ய மாட்டேன்."

"பேரன் பேச்சை எடுக்காதேடா."

"அன்னிய ஆளுங்களுக்காக ரத்தத்தை விட்டுக்குடுப்பீங்களா?"

"நீ எனக்கு ரத்தமா? என் பொண்ணு செஞ்ச தப்பு நீ."

ஷுக்ரி உள்ளே வந்தான். நீளத் துப்பாக்கியை வெளியே வைத்துவிட்டிருந்தான். ஒரு கையில் விளக்கு, ஒரு கையில் கைத்துப்பாக்கி. வளைவு திரும்பியதும் மிஃப்தா அந்த மணிக்கட்டைப் பிடித்துச் சுவரில் அறைந்தார். சுண்டுவிரல் நசுங்கும்வரை அறைந்தார். துப்பாக்கி விழுந்தது. விளக்கும் விழுந்து உருண்டு, மேற்கூரையைப் பார்த்தபடி எரிந்தது. ஷுக்ரி இடுப்பிலிருந்து கத்தியை உருவி மிஃப்தாவின் விலாவில் குத்தினான். மறுபடி குத்த ஓங்கியபோது ஷாத்லியா பாய்ந்து அவன் முதுகில் ஏறிக் காதைக் கடித்தாள். வாய்க்குள் ஒரு துண்டு வந்ததாம். அவன் அவளை உதறிச் சுவரில் மோதவைத்தான். அந்த இடைவெளியில் மிஃப்தாவின் ரெண்டு கையும் அவன் கழுத்துக்குப் போயின.

இதற்கிடையில் வாசலில் என் கதை. அலறல் கேட்டதும் என் கடையில் இருந்தவன் எழுந்து உள்ளே பார்த்தான். எனக்கு வீரம் என்று ஒன்றும் கிடையாது. கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. அவன் திரும்பி, "என்னடா பாக்கறே, டீ எங்க?" என்றான். குடுத்தேன். கெட்டிலோடு முகத்தில் கொட்டினேன். அவன் கத்திய கத்தலில் துப்பாக்கி வெடித்து என் கடைக் கூரையைத் துளைத்தது. காஸ் சிலிண்டர் திருகுகிற இரும்பால் அவன் தோளில், முதுகில், எங்கே பட்டது என்று தெரியாமல் அடித்தேன். அவன் அசையாமல் ஆனபிறகும் அடித்தேன். சாகவில்லை. ஆனால் இன்றைக்கும் கும்ஸ் சந்தையில் அந்த வெந்த முகத்தைக் கண்டால் நான் வேறு சந்தில் திரும்பிவிடுவேன்.

அவனைக் கயிற்றால் கட்டிப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். சதுக்கத்தில் முட்டி உடைந்தவன் தவழ்ந்துகொண்டிருந்தான். ரத்தத் துளிகள் குளியல் மண்டபத்துக்கு வழிகாட்டின. பாதைக்குள் குனிந்து போனால், ஷாத்லியா மண்டியிட்டு ஷுக்ரியின் நெஞ்சை ரெண்டு உள்ளங்கையாலும் அமுக்கிக்கொண்டிருந்தாள். அமுக்குவாள், அவன் வாயில் வாய் வைத்து ஊதுவாள், மறுபடி அமுக்குவாள். அவள் உதட்டில் அவன் காதின் ரத்தம் காய்ந்திருந்தது. மிஃப்தா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இடது கண் இருந்த இடத்தில் ஒரு சிவப்புக் குழி.

"போதும் தங்கச்சி," என்றார். "போயிட்டான்."

"நீங்க பேசாதீங்க!" என்று கத்தினாள். "அவன் கை தொங்கிடுச்சு, விடுங்க விடுங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்! காதுல விழலியா?"

"விழுந்துச்சு," என்றார் மிஃப்தா. "விடலை."

அவள் வெகுநேரம் அமுக்கிக்கொண்டே இருந்தாள். கடைசியில் நான்தான் அவள் தோளைப் பிடித்து எழுப்பினேன். எழுந்தவள் ஓங்கி மிஃப்தாவின் மார்பில் ஒரு குத்துக் குத்தினாள். அடுத்த நிமிஷம் தன் தலைத்துணியைக் கிழித்து அவர் விலாவில் சுற்ற ஆரம்பித்தாள். முன்ஜி தாடையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். வாய் மூடாததால் எச்சிலும் ரத்தமும் சட்டையில் வழிந்தன.

ஆஸ்பத்திரிக்கு இன்திசார் வந்தாள். வயது இருபத்திரண்டு. இடுப்பில் குழந்தை. அப்பா படுத்திருந்த கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற என்னிடம் குழந்தையைக் கொடுத்தாள். குனிந்து காலில் இருந்த செருப்பைக் கழற்றினாள். முகத்தில் அடித்தாள். கண் கட்டின் மேல் அடித்தாள். கட்டு நனைந்து சிவந்து வடிந்தது, அப்போதும் அடித்தாள்.

"அடிக்கறதைத் தவிர உங்களுக்கு வேற எதுவும் தெரியாதா? எங்கம்மாவை அடிச்சீங்க. ஊரையே அடிச்சீங்க. அவனைப் பிடிச்சுக் கட்டிப் போட உங்க கைக்குத் தெரியாதா? கழுத்துத்தான் தெரிஞ்சுதா?"

மிஃப்தா தன் ரெண்டு கையையும் முதுகுக்கு அடியில் செருகிக்கொண்டார். ஓடி வந்து இழுத்தவர்களிடம், "விடுங்க, அடிக்கட்டும்," என்றார். செருப்பு அறுந்துபோகும்வரை அடித்துவிட்டு, என் கையிலிருந்த குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு ஒற்றைச் செருப்போடு அவள் போனாள்.

ஷுக்ரியின் ஆட்கள் மிஃப்தாவின் வீட்டுக்குத் தீ வைத்தார்கள். ஆஸ்பத்திரிச் சன்னலுக்கு நேராகச் சுட்டதில் பக்கத்துக் கட்டில்காரருக்குத் தொடையில் பட்டது. ரெண்டு குடும்பத்துப் பெரியவர்களும் கூடிப் பேசினார்கள். ஷுக்ரி திருட வந்த இடத்தில் செத்தான் என்பதை அவன் பக்கமும் மறுக்க முடியவில்லை. ஆனால் கொலை கொலைதான். மிஃப்தா கும்ஸை விட்டுப் போக வேண்டும், மறுபடி இந்த மண்ணை மிதிக்கக் கூடாது, அதோடு பழி நிற்கும் என்று முடிவானது.

"எங்க போவீங்க அண்ணே?" என்று கேட்டேன்.

"தெரியலை உம்ரான். கடல் இந்தப் பக்கம், பாலைவனம் அந்தப் பக்கம்."

கதவுப் பக்கத்தில் நின்றிருந்த ஷாத்லியா சொன்னாள்: "பின்சீட்டுல இடம் இருக்கு."

தாடையில் கம்பி கட்டியிருந்த முன்ஜியால் பேச முடியவில்லை. கண்ணை உருட்டினார், கையை ஆட்டினார். கழுத்தை நெரிக்கிற ஆளை வீட்டுக்குள் சேர்ப்பதா என்று அவர் கேட்பது எனக்கே புரிந்தது.

"நானும்தான் பயப்படறேன்," என்றாள் அவள். "ஆனா இந்த ஆளு வரலைன்னா நீயும் நானும் அந்தக் குழியில கிடந்திருப்போம். இப்ப என்ன செய்யச் சொல்றே?"

முன்ஜி போய்ப் பின்சீட்டில் கிடந்த சாமான்களை எடுத்துக் கூரையில் கட்டினார்.

எகிப்து எல்லைவரை போக வேண்டிய கார் மேற்கே, துனீசியா பக்கம் திரும்பியது. வழி நெடுக யார் யாரோ துப்பாக்கிக்காரர்கள் கயிறு கட்டி மறித்தார்கள். ஓர் இடத்தில் நம்பர் பலகையைப் பார்த்துவிட்டு ஒரு இளைஞன் ஷாத்லியாவின் பக்கக் கண்ணாடியைக் கட்டையால் உடைத்தான். சில்லு அவள் மடியில் கொட்டியது. கூரையிலிருந்து இறக்கிப் பின்சீட்டில் போட்ட மெத்தைக்கு அடியில் மிஃப்தா படுத்திருந்தார். தையல் போட்ட விலாவில் ரத்தம் கசிந்தது. மெத்தை அசைந்ததைப் பின்பக்கம் காட்டுகிற கண்ணாடியில் பார்த்த ஷாத்லியா, பையனிடம் பேசுகிற சாக்கில், "அசையக் கூடாது, எல்லாம் சரியாயிடும், அசையக் கூடாது," என்று சொல்லிக்கொண்டே இருந்தாளாம். அந்தப் பையன் தனக்குத்தான் சொல்கிறாள் என்று நினைத்து, "யாருடி அசையறது?" என்று இன்னொரு கண்ணாடியையும் உடைத்துவிட்டுப் போகச் சொன்னான். மெத்தைக்கு அடியில் இருந்தவர் அசையவில்லை.

காபெஸில் மிஃப்தா டயர்க் கடையிலேயே படுத்து, அங்கேயே வேலை செய்தார். ஒற்றைக் கண்ணோடு டயரைக் கழற்றி மாட்ட நன்றாகப் பழகினார். ஆனால் மனிதன் முழுதாக மாறிவிட்டான் என்று நான் கதை கட்டத் தயாரில்லை. ரெண்டாவது வருஷம், ஒற்றைக் கண்ணா என்று கூப்பிட்ட ஒரு லாரிக்காரனைப் பம்பால் அடித்துத் தோள்பட்டையை இறக்கிவிட்டார். போலீஸ் பிடித்துப் போனது. ஷாத்லியா போய் வெளியே கொண்டுவந்தாள். வழியில் காரை நிறுத்தி, "இன்னொரு தடவை இந்தக் கை ஓங்கினா நானே எல்லையில கொண்டுபோய் இறக்கிவிட்டுடுவேன். அவங்க கொன்னாக்கூட நான் அழ மாட்டேன்," என்றாள். அதற்குப் பிறகு ஓங்கியதாக நான் கேள்விப்படவில்லை.

அப்புறம் எங்கள் ஊரில் மறுபடி சண்டை வந்தது. இன்திசாரின் தெருவில் குண்டு விழுந்து அவள் மகன் ஹாத்திமின் காலில் இரும்புத் துண்டு ஏறியது. அவனுக்கு அப்போது நாலு வயது. கும்ஸ் ஆஸ்பத்திரியில் காலை எடுத்துவிட வேண்டும் என்றார்கள். எங்களூரில் யாருக்கு என்ன ஆனாலும் துனீசியாவுக்குத்தான் ஓடுவோம். நான் ஷாத்லியாவுக்குப் போன் போட்டேன். பிறகு இன்திசாரிடம் போய், யார் வீடு, அங்கே யார் இருக்கிறார் என்று மறைக்காமல் சொன்னேன்.

"கால் பிழைக்குமா?" என்று மட்டும் கேட்டாள்.

கால் பிழைத்தது. காபெஸில் ஆபரேஷன் முடிந்து, அம்மாவும் பிள்ளையும் ஷாத்லியா வீட்டில் தங்கினார்கள். நான்தான் கூட்டிக்கொண்டு போயிருந்தேன், அதனால் பார்த்ததைச் சொல்கிறேன். மிஃப்தா முற்றத்தில் சாப்பிடுவார், இன்திசார் எங்களோடு கூடத்தில் சாப்பிடுவாள். எதிரில் வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு போவாள்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் ஹாத்திம் முற்றத்தைக் காட்டி, "அந்த ஒத்தைக் கண்ணு தாத்தா யாரும்மா?" என்று கேட்டான்.

"உன் அப்பாவைக் கொன்னவர்," என்றாள் இன்திசார்.

முன்ஜியின் கையிலிருந்த ரொட்டி கீழே விழுந்தது. குழந்தை திரும்பி மிஃப்தாவையே கேட்டது: "ஏன் கொன்னீங்க?"

மிஃப்தா தட்டைக் கீழே வைத்தார். "உங்கப்பா இந்த மாமாவையும் அத்தையையும் கொல்ல வந்தான். நான் தடுத்தேன். தடுத்ததும் அவன் அடங்கிட்டான். அப்பவே விட்டிருந்தா இப்ப உயிரோட இருப்பான். நான் விடலை."

"ஏன் விடலை?"

"கோபம்."

"எனக்கும் கோபம் வரும்," என்றது குழந்தை.

இன்திசார் எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே சுவரில் எதையோ போட்டு உடைக்கிற சத்தம் கேட்டது. யாரும் போய்த் தட்டவில்லை.

மறுநாள் காலை கட்டுப் பிரிக்கிற நேரம். ஷாத்லியா ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். புண்ணில் ஒட்டிக்கொண்ட துணியைப் பிரித்தால் பிள்ளை துள்ளித் துடிக்கும், ஒரு ஆள் அழுத்திப் பிடிக்க வேண்டும். நான் எழுந்தேன். இன்திசார் என்னைப் பார்க்கவில்லை. முற்றத்துப் பக்கம் திரும்பி, சுவரைப் பார்த்தபடி, "வந்து அவன் காலைப் பிடிங்க. என் கை நடுங்குது," என்றாள்.

மிஃப்தா கை கழுவிவிட்டு வந்தார். அந்தச் சின்னக் காலை ரெண்டு கைக்கு நடுவில் வைத்துப் பிடித்தார். பிள்ளை வீறிட்டுக் கத்தி அவர் தாடியைப் பிய்த்தான், கையைக் கடித்தான். பல் பதிந்து ரத்தம் வந்தது. மகள் துணியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து முடிக்கும்வரை அவர் பிடியை இறுக்கவும் இல்லை, தளர்த்தவும் இல்லை.

ஹாத்திம் நடக்க ஆரம்பித்ததும் இன்திசார் கும்ஸுக்குத் திரும்பினாள். அவரை அப்பா என்று அவள் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மன்னித்தாளா என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் பதில் கிடையாது. கால் காட்ட வருஷத்துக்கு ஒரு தடவை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு காபெஸுக்குப் போகிறாள். ஷாத்லியா வீட்டில்தான் தங்குகிறாள். போன தடவை நான் எல்லைவரை வண்டி ஓட்டிக்கொண்டு போனேன். பையில் பிள்ளையின் சட்டைகளுக்கு மேலே, பெரிய ஆளுக்குத் தைத்த கம்பளிச் சட்டை ஒன்று மடித்து வைத்திருந்தது. யாருக்கு என்று நான் கேட்கவில்லை.